செவ்வாய்க்கிழமைத் தாள்

தப்புக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புரூப் பார்க்கிறேன். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டேன். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பொருந்தவில்லை என்றால் கொடுத்தவர் முகத்துக்கு நேரே சொல்லியும்விடுவேன். அதனால் விசேஷ வீடுகளில் எனக்கு அவ்வளவாக வரவேற்புக் கிடையாது.

தினமும் கிழிக்கிற காலண்டர் தாள் பார்க்கத்தான் சின்னது. அதற்குள் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் அடங்கியிருக்கும். பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு சொல் போட்டிருப்போம்: லாபம், கவலை, பயம், நிறைவு. எல்லாவற்றுக்கும் அடியில் சந்திராஷ்டமம் என்று ஒரு வரி. அன்றைக்கு எந்த நட்சத்திரக்காரருக்கு நாள் சரியில்லை என்று சொல்லுகிற வரி அது. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டுப் பார்த்து, அடியில் சிவப்புப் பேனாவால் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஆடிப் பதினெட்டுக்குப் புது வருடத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே ஆனி முடிவதற்குள் அடுத்த வருடம் முழுவதும் என் மேஜையைத் தாண்டிப் போய்விடும். ஊருக்கு இன்னும் வராத நாள் எனக்கு முடிந்துபோன வேலை. முன்பெல்லாம் அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது இல்லை.

இந்த வேலையோடு கதையும் எழுதுவேன். நடந்தது வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிற வகைக் கதைகள். தப்புத் திருத்துகிறவளுக்கு அந்த ஆசை வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன, படித்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு கதை தீப்பெட்டித் தொழில் இங்கே வந்ததைப் பற்றியது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள், அதிலிருந்துதான் பட்டாசு, அச்சகம் எல்லாம் வந்தன என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். என் கதையில் அந்த இருவரும் விருதுபட்டி ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டுவிடுகிறார்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடுகிறார்கள். நூறு வருடம் கழித்தும் சிவகாசி கம்பும் பருத்தியும் விளைகிற கரிசல் ஊராகவே இருக்கிறது. எங்கேயும் வெடிச் சத்தம் இல்லை. யாரும் கருகிச் சாகவில்லை. எழுதி முடித்தபோது ஒரு ஊரையே காப்பாற்றிவிட்ட மாதிரி எனக்குத் திமிராக இருந்தது.

அதை முதலில் படித்தது என் அண்ணன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். பட்டாசு வேலையிலேயே ஆபத்தான வேலை அதுதான். மற்ற அறைகளிலிருந்து தள்ளி, காட்டுக்குள் தனியாக ஒரு சின்ன அறை, அதற்கு மருந்தறை என்று பேர். காலை வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்க் கலந்து கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

அண்ணன் கதையைக் கடைசி வரை படித்துவிட்டுக் காகிதங்களை மடித்தார். பிறகு கேட்டார்: “ஏ பிள்ள, அவுக ரெண்டு பேரும் ரயிலை விட்டுட்டா நம்ம அப்பாவும் அம்மாவும் எங்கன பார்த்திருப்பாக?”

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் எதிரெதிர் உட்கார்ந்து கட்டையில் தீக்குச்சி அடுக்கியவர்கள். அங்கே பார்த்துத்தான் கல்யாணம் முடித்தார்கள்.

“தீப்பெட்டி ஆபீஸ் இல்லேன்னா நீயும் இல்ல, நானும் இல்ல. இங்கன இருக்கிற முக்கால்வாசிச் சனம் இல்ல. அப்ப யாரும் சாகலைன்னு சந்தோசப்படுறது யாரு? கம்பும் பருத்தியுமா?”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. கதையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? “உங்களுக்குக் கதை புரியலண்ணே” என்று சொல்லி வாயை அடைத்தேன். உண்மையில் அவர் கேட்டதுதான் சரி. பழசை மாற்றினால் சாவை மட்டும் தனியாக உருவி எடுக்க முடியாது, சேலையில் ஒரு நூலை இழுத்தால் மடிப்பெல்லாம் சுருங்கிப்போகிற மாதிரி, பிறந்தவர்களும் கூடவே போய்விடுவார்கள். அதை எனக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார்.

குறை சொன்னாலும் என்னைப் பற்றி அவருக்கு அளவு கடந்த பெருமை. வருடா வருடம் எங்கள் அச்சகத்துக் காலண்டர் ஒன்றைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். வாசலில் பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைக்கிற வாட்ச்மேன் ரூமில் அது தொங்கும். “எந்தங்கச்சி ஒவ்வொரு தாளாப் பார்த்தது. இதுல தப்பு இருந்தா என் மீசையை எடுத்துக்கிறேன்” என்பாராம்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தறைக்கு இரண்டு பேர், ஒருவர் உள்ளே கலக்குவார், மற்றவர் வெளியே களத்தில் காயவைக்கிற வேலையைப் பார்ப்பார். அண்ணன்தான் உள்ளே போகிறவர். அவருக்குச் சந்திராஷ்டமம் என்றால் அன்றைக்கு மட்டும் இடம் மாறிக்கொள்ளலாம். ஆனால் வாயால் சொன்னால் செல்லாது. குடித்துவிட்டு வந்தவனெல்லாம் ‘இன்னைக்கு எனக்கு நாள் சரியில்லை’ என்று சொல்ல ஆரம்பித்ததால் ஃபோர்மேன் ஒரு சட்டம் போட்டிருந்தார். அன்றைய தாளைக் காட்ட வேண்டும். தாளில் உன் நட்சத்திரம் இருந்தால் வெளியே நில், இல்லாவிட்டால் உள்ளே போ. அண்ணனுக்குப் பூசம். மாதத்தில் ஒருநாள், இரண்டு நாள், வீட்டுக் காலண்டரில் கிழித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேன் ஏறுவார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சந்திரன் எங்கே நின்றால் எனக்கென்ன என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். “நீ நம்ப வேண்டாம் தாயி, சரியாப் போட்டாப் போதும்” என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம். திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் யாரும் எதிர்பாராமல் கோடை மழை இறங்கியது. வேலையைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கலந்த மருந்து கொஞ்சம் மிச்சமாகிவிட்டது. ஈரம் பட்ட மிச்ச மருந்தை மறுநாள் தொடக்கூடாது, அழித்துவிட வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். சீசன் ஆர்டர் இருக்கும்போது யாரும் அழிப்பதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை அச்சகத்தில் இருந்தபோது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் செய்கிறதையே நானும் செய்தேன். வெளியே ஓடி, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்தேன். புகை கண்ணுக்குத் தெரியவில்லை. உடனே செல்போன்கள் அடிக்க ஆரம்பித்தன. அண்ணன் உள்ளே தனியாக இருந்திருக்கிறார். மறுநாள் பேப்பரில் ‘உராய்வு காரணமாக’ என்று போட்டிருந்தார்கள். இங்கே செத்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான், ராசிபலன் மாதிரி.

பதினாறாம் நாள் காரியத்தன்று, அண்ணன் மனைவியான மதினியின் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். காலண்டர் இன்னும் அந்தச் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது. அதைக் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை. நான் அதன் முன்னால் போய் நின்றேன். அழுது வீங்கிய கண்ணாக இருந்தாலும் என் கண் என் கண்தானே, கீழ் வரிக்குத் தானாகப் போனது. சந்திராஷ்டமம்: புனர்பூசம். தாளைத் தூக்கிப் புதன்கிழமையைப் பார்த்தேன். ஆயில்யம்.

புனர்பூசத்துக்கும் ஆயில்யத்துக்கும் நடுவில் பூசம் வர வேண்டும். அதைக் காணோம்.

மறுநாள் அச்சகத்தில் போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை பூசம்தான். கம்ப்யூட்டரில் தாள் கட்டுகிறவர் முந்தின நாள் தாளைப் பிரதி எடுத்து அதன் மேலேயே அடுத்த நாளைத் திருத்துவார். திங்கட்கிழமையின் புனர்பூசத்தை மாற்ற மறந்திருக்கிறார். ஒரே நட்சத்திரம் இரண்டு நாள் வருவது உண்டு என்பதால் என் கண்ணுக்கும் உறுத்தவில்லை. பழைய புரூப் கட்டைப் பரணிலிருந்து இறக்கித் தேடினேன். அந்தத் தாளின் அடியில் சிவப்பு மையில் என் கையெழுத்து இருந்தது. பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். அந்தக் கட்டிலேயே வேறொரு தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு வரி கிறுக்கியிருந்தது. நான் ஏதோ கதை எழுதிப் பார்த்திருக்கிறேன். வேலை நேரத்தில் என் மனசு எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கட்டை மறுபடியும் பரணில் ஏற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பேர் வைக்க விரும்பவில்லை.

சந்திரன் ஒன்றும் செய்யவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். வெடித்தது ஈரம் பட்ட மருந்து. ஆனால் தாள் சரியாக இருந்திருந்தால் அவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பார், ஃபோர்மேனிடம் காட்டியிருப்பார், களத்தில் நின்றிருப்பார். நம்பாதவள் விட்ட தப்பு நம்பினவரைக் கொண்டுபோய் உள்ளே விட்டது. பொய்யான ஒரு நம்பிக்கை ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்றால் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பிறகு நான் செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமையை மாற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தபோதுதான் இந்த வகைக் கதைகளில் இத்தனை வருடம் நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது. நடந்ததில் ஏதாவது ஓர் இடத்தில் விரலை வைத்து ‘இங்கே மாற்று’ என்கிறோம். விரல் வைத்த இடத்தின் மேல் பழியையும் சேர்த்து வைக்கிறோம். மழையை நிறுத்தினால் மழை குற்றவாளி. ஃபோர்மேனைத் திருத்தினால் அவர் குற்றவாளி. கல்கத்தா ரயிலைத் தவறவிட்டால் நூறு வருடத்துக்கு முந்திய இரண்டு பேர் குற்றவாளி, அதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது. இந்தத் தடவை என் சிவப்புப் பேனாவின் மேல் விரலை வைத்தேன்.

முதல் கதையில் தாள் சரியாக இருக்கிறது. அண்ணன் தாளைக் காட்டுகிறார். ஃபோர்மேன் தலையாட்டுகிறார். அப்போது மருந்தறைக்குள் போகிறவர் அவருடைய மாற்றாள். அந்த மனிதரை எனக்குத் தெரியும். இரண்டு பெண் பிள்ளைகள். சம்பவத்துக்குப் பிறகு பட்டாசு வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டு, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறார். மதினி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் அங்கே நிற்கும். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டால் ஓடி வந்து ஒரு பொட்டலம் கொடுப்பார், காசு வாங்கமாட்டார்.

“அன்னைக்கு உங்கண்ணன் தாளோட வந்திருந்தா நான்தான் உள்ள போயிருப்பேன்” என்று ஒருமுறை சொன்னார். “வேன்ல வரும்போது அவுக பையைத்தான் பார்த்தேன். தாள் இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. அப்பாடான்னு நினைச்ச பாவத்தை எங்கன போயிக் கழுவ?”

அவருக்குத் தப்பு நடந்தது தெரியாது. நான் அந்தப் பிஞ்சை மடியில் வைத்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணை வரைக்கும் தொடாமல் போனேன். அவரைக் கதைக்குள் அனுப்ப என் பேனா மறுத்துவிட்டது. அன்றைக்கு என் கண் சரியாக இருந்திருந்தால் அவர் செத்திருப்பார், எனக்கு அது தெரிந்தே இருக்காது. ‘பார்த்தேன்’ என்று போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் சரியாகப் பார்த்து அனுப்பிய தாள்கள் யார் யாரை எங்கெங்கே உள்ளே அனுப்பின என்று யார் கண்டது?

அடுத்த கதையில் மாற்றாளுக்குக் காய்ச்சல் என்று படுக்க வைத்தேன். மருந்தறை காலி. யாரும் சாகவில்லை. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் என் புரூப் கண் விழித்துக்கொண்டது. யாருமே உள்ளே போகாவிட்டால் மருந்தைத் தொடுவது யார்? தொடாவிட்டால் அது வெடிக்காது. அங்கேயே இருக்கும். புதன்கிழமை வரும், சந்திராஷ்டமம் ஆயில்யத்துக்குப் போய்விடும், அண்ணன் தெம்பாக உள்ளே போவார். நான் காப்பாற்றியது அவரை அல்ல, ஒரே ஒரு நாளை. காகிதத்தைக் கசக்கி எறிந்தேன்.

கடைசியில் ஒரு கதை அமைந்தது. அதில் புரூப் பார்க்கிற பெண் தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பில் வட்டம் போடுகிறாள். தாள் சரியாக அச்சாகிறது. அண்ணன் தாளைக் காட்டுகிறார். அவர் தாளை நீட்டியபோது ஃபோர்மேனுக்கு என்னவோ மனசுக்குள் தட்டுகிறது. யாருமே போக வேண்டாம் என்று நிறுத்தி, மிச்ச மருந்தைத் தண்ணீரில் கரைத்து அழிக்கச் சொல்லிவிடுகிறார். எல்லோரும் பிழைக்கிறார்கள். சட்டப்படி தினமும் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்கிறார். ஆனால் நான் எழுதியதிலேயே நம்ப முடியாத இடம் அதுவாகத்தான் இருந்தது.

இந்த வருடம் ஆனிக் கடைசியில், புது வருடத்துத் தாள்களை முடித்துக் கொடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு மதினியைப் பார்க்கப் போனேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததைக் கதையாகக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு.

மதினி இப்போது வேறொரு கம்பெனியில், பட்டாசுக் குழாய்களுக்குள் மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்க்கிறார். புருஷனைக் கொன்ற வேலைக்கே போவதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். காட்டில் விதைக்க மழை இல்லை, கம்பெனி வேன் வாசலுக்கு வருகிறது.

“வா தாயி, சாப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே பாயை விரித்தார். நான் காகிதங்களை நீட்டினேன். மதினி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு விரலை வரிக்குக் கீழே வைத்து, நிதானமாகப் படித்தார். அவர் படித்து முடிக்கிற வரை நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

படித்து முடித்ததும் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“கதையில நீ தப்பைப் புடிச்சிட்ட.”

“ஆமா மதினி. ஆனா நெசத்துல...”

“தெரியும்.”

மதினி என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவுகளும் புடிச்சாக தாயி.”

பிறகு அந்தக் காலையைச் சொன்னார். அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“திங்கக்கிழமைத் தாளைக் கிழிச்சாக. செவ்வாக்கிழமையைப் பார்த்தாக. சிரிச்சாக. ‘ஏ, எந்தங்கச்சி தூங்கிட்டா போல. நேத்துப் போட்டதையே இன்னைக்கும் போட்டு என் பூசத்தை முழுங்கிட்டா’ன்னாக. எனக்குத் திக்குன்னு ஆகிப்போச்சு. அப்ப இன்னைக்கு உங்களுக்குத்தான, போகாதீக, போனாலும் ஃபோர்மேன்கிட்டச் சொல்லி வெளியில நில்லுங்கன்னேன். ‘சொல்லலாம். காலண்டரே தப்பான்னு கேப்பான். எந்தங்கச்சி பார்த்ததுன்னு கம்பெனி பூராம் சொல்லி வச்சிருக்கேன். ஒரு நாளைக்காக அவ பேரைக் கெடுக்கவா? தாள்ல இல்லேல்ல, அப்ப நல்ல நாளுதான்’னாக. வேன்காரன் ஆரன் அடிச்சான். போயிட்டாக.”

நான் அழுதேன். பதினாறாம் நாளில்கூட அப்படி அழவில்லை. மூன்று வருடமாக நான் எத்தனை கதை எழுதிப் பார்த்தேன்! மழையை நிறுத்தினேன், காய்ச்சலைக் கொண்டுவந்தேன், ஃபோர்மேனுக்குப் புத்தி கொடுத்தேன். இந்த ஒன்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. தாள் தப்பாகவே இருக்கட்டும். அண்ணன் கம்பெனி வாசலில் நின்று ‘எந்தங்கச்சி தப்பு விட்டுட்டா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாலு பேர் சிரித்திருப்பார்கள், மீசையை எடு என்று கேலி செய்திருப்பார்கள், வேறு காலண்டரைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். அந்தக் கதையில் நான் ஒருத்தி மட்டும் தலைகுனிய வேண்டும். அதனால்தான் அது எனக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

“ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?”

“நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். பிறகு மதினியே சொன்னார்: “சொன்னா நீ வேலையை விட்டுருவ. உன்னைத் தெரியாதா எனக்கு? நீ விட்டா அந்தத் தாளை எவன் பார்ப்பான்? எங்க கம்பெனியிலயும் இப்ப அதே வழக்கம்தான். வாட்ச்மேன் ரூமுக்கு உங்க காலண்டரை நான்தான் கொண்டுபோயிக் கொடுத்தேன்.”

எழுந்து போய்க் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தூக்கி அடுத்ததைப் பார்த்தார். “வந்தது வந்துட்ட. நாளைக்கு எனக்குத்தானான்னு ஒரு வாட்டி பார்த்துச் சொல்லு.”

எழுந்து போனேன். மதினிக்கு மகம். ஞாயிற்றுக்கிழமை ஆயில்யம், திங்கட்கிழமை மகம், செவ்வாய்க்கிழமை பூரம். வரிசை சரி. அண்ணன் போன பிறகு ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை பார்க்கிறேன். இதையும் பார்த்தது எனக்கு நினைவில் இருந்தது.

“ஆமா மதினி. நாளைக்கு உங்களுக்குத்தான்.”

மதினி இரண்டு தாளையும் கிழித்தார். திங்கட்கிழமைத் தாளை மட்டும் நாலாக மடித்து, காலையில் வேனுக்குக் கொண்டுபோகிற பைக்குள் வைத்தார்.

“உங்களுக்குப் பதிலா உள்ள போறது யாரு?”

“பக்கத்து வீட்டுப் பிள்ளதான். போன மாசந்தான் வேலைக்குச் சேர்ந்துச்சு. அதுக்கு ரோகிணி.”

“நேத்து மருந்து மிச்சம் ஆச்சா?”

“ஆயிருக்கும். சீசன்ல எப்பத்தான் ஆகல?”

“மதினி, அந்தப் பிள்ளையை அனுப்பாதீக.”

மதினி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். “பின்ன நான் போகட்டுமா தாயி?”

ஃபோர்மேனிடம் சொல்லுங்கள், அழிக்கச் சொல்லுங்கள், வேலைக்கே போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதெல்லாம் என் கதையில் நடக்கும். மதினி போக வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. போக வேண்டாம் என்றால் யாரைப் போகச் சொல்கிறேன் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் குடம் வைக்கிற சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மதினி கதைக் காகிதங்களை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“காலண்டர் பாக்குற அக்காதான நீங்க? எங்க வீட்லயும் உங்க காலண்டர்தான். அதுல தப்பே இருக்காதாமே, உங்க மதினி சொல்வாக.”

“இல்ல தாயி” என்றேன். “தப்பே இல்ல.”

குடம் நிறைந்தது. அவள் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.